பாதிக் குழியைப் பார்த்தவர்

பட்டர் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால், அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஏதோ பேக்கரியில் இருந்ததாகவே நினைக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கும் இந்தச் சங்கடம் வரும். கோல்ஃப் ஆட்டத்தில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு, அதை ஓங்கி அடிக்காமல் புல்லின் மேல் உருட்டிவிடுகிற கோலுக்குப் பட்டர் என்று பெயர் என்று விளக்குவேன். "அதுக்குன்னு ஒரு வேலையா?" என்று கேட்பார்கள். வேலைதான். ஆளின் உயரம் மட்டும் தெரிந்தால் போதாது. கை எவ்வளவு தொங்குகிறது, எப்படிக் குனிகிறார், கண் பந்துக்கு நேர் மேலே விழுகிறதா, கோலை நேராக இழுக்கிறாரா வளைத்து இழுக்கிறாரா, எல்லாம் பார்த்துத்தான் ஒரு பட்டரை ஒருவர் கையில் கொடுக்க முடியும்.

அந்த அளவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியில் கற்றிருப்பீர்கள். கேமராவும் கணினியும் என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் சொல்ல வந்தது ஒரு சனிக்கிழமை காலையைப் பற்றி. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

நம் கடை அப்போதும் ஜிஎஸ்டி சாலையில், தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில்தான் இருந்தது. காலையில் கதவைத் திறந்து விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் காதர் பாய் உள்ளே வந்தார். தோல் பை, பெல்ட் வியாபாரம் செய்கிறவர். வீடு படப்பையில். அறுபதைத் தாண்டியவர், ஆனால் நிமிர்ந்த முதுகு. வாரக் கடைசியில் ஆடுவார். தோற்றாலும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற மனுஷர். முந்தைய வருஷம் அவருக்குப் பட்டர் பொருத்திக் கொடுத்தது நான்தான். அது அவர் கைக்கு அவ்வளவு நன்றாக அமைந்துபோனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பட்டரை மேசை மேல் போட்டார்.

"என்னம்மா இது, என்ன கோலைக் கொடுத்திருக்கே? பக்கத்துல இருக்கிற குழிக்குள்ள போக மாட்டேங்குது. எல்லாம் வலது பக்கமா போகுது. கூட ஆடுறவனுங்க சிரிக்கிறானுங்க."

"எத்தனை நாளா பாய்?"

"இந்த வாரம் பூரா. வயசாயிடுச்சு, கண்ணு போச்சுன்னு வூட்ல சொன்னாங்க. போய்க் கண்ணாடி கூட மாத்திட்டேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். கண்ணு நல்லா இருக்கு. கோல்தான் கோணிக்கினு போச்சு."

எடுத்துப் பார்த்தேன். கோணவில்லை. நீளம், சாய்வு, பிடி எல்லாம் நான் கொடுத்தபடியே இருந்தன. அவரைப் பயிற்சி விரிப்பில் நிற்க வைத்தேன். நிற்கிற விதத்திலும் குறை இல்லை. கண் பந்துக்கு மேலேதான் விழுந்தது. கை நடுங்கவில்லை. ஆனால் அடித்த பந்து ஒவ்வொன்றும் குழியின் வலது விளிம்பைத் தொட்டும் தொடாமலும் கடந்து போனது.

அப்போது என்னோடு வேலை பார்த்தவர் ஜெரால்டு. கணினி வைத்து அளவெடுப்பதில் கெட்டிக்காரர், பொறுமைசாலியும்கூட. அவர் லேசரை எடுத்துவந்தார். குழி இருக்கும் இடத்தில் விளக்குப் பொருத்திய பலகை, பட்டரின் முகத்தில், அதாவது பந்தில் படுகிற பக்கத்தில், ஒட்டிய சின்னக் கண்ணாடி. ஆள் குறி வைத்து நின்றதும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும். எங்கே குறி வைத்திருக்கிறார் என்பது பலகையில் சிவப்புப் புள்ளியாக விழும். காதர் பாய் குழிக்கு நேராக நிற்பதாக நம்பி நின்றார். புள்ளி வலது பக்கம் தள்ளி விழுந்தது.

"அக்கா, அடியில தப்பே இல்ல. குறிதான் தப்பு" என்றார் ஜெரால்டு. "கோலோட தலையை மாத்திப் பாக்கலாம்."

மாற்றினோம். அகலமான தலை, மெலிந்த தலை, மேலே ஒரு கோடு போட்டது, கோடே இல்லாதது. எல்லாவற்றிலும் புள்ளி வலது பக்கம்தான் விழுந்தது. கடைசியில் ஜெரால்டு, கோலும் தலையும் சேருகிற கழுத்து வேறு மாதிரி அமைந்த ஒரு பட்டரைக் கொண்டுவந்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு அதன் முகம் கொஞ்சம் வலது பக்கம் திரும்பியதுபோல இருக்கும். அதனால் பிடிக்கிறவர் தானாகவே இடது பக்கம் திருப்பிச் சரிசெய்துகொள்வார். காதர் பாய் அதைப் பிடித்ததும் புள்ளி நகர்ந்து நகர்ந்து குழிக்கே வந்து நின்றது. அடித்தார். பந்து உள்ளே போனது. இன்னொன்று. அதுவும் உள்ளே.

"ஆங்! இதுதாம்மா கோலு!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு ஒரு பந்தயம் கீது. இதைக் கட்டிக் கொடு."

ஜெரால்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கணினியில் எல்லா எண்ணும் பச்சையாக இருந்தது. நம் தொழிலின் புத்தகப்படி வேலை முடிந்துவிட்டது. நீங்கள் இந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நானும் கட்டிக் கொடுக்கத்தான் கையை நீட்டினேன்.

காதர் பாய் நல்ல பழக்கமுள்ளவர். அடித்த பந்துகளை அவரே பொறுக்கிக் கூடையில் போடுவார். அன்றைக்கும் குழிப் பக்கம் போய்க் குனிந்து பொறுக்கினார். பிறகு நிமிர்ந்து, "ஆச்சு" என்று கூடையை என்னிடம் கொடுத்தார்.

விரிப்பைப் பார்த்தேன். அவருக்கு வலது பக்கம் இருந்த பந்துகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. இடது பக்கம் இருந்தவை அப்படியே கிடந்தன. ஒரு பந்து அவருடைய இடது காலணியை ஒட்டிக் கிடந்தது.

"பாய், எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேனேம்மா. நீயே பாரு, சுத்தமா கீது."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. சுத்தமாகத்தான் இருக்கிறது என்று மனதார நம்பி நின்றார்.

பட்டர் பொருத்தும்போது எந்தக் கண் முன்னே நிற்கிறது, அதாவது எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்று சோதிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சாக்கில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டினேன். "எந்தக் கை ஆடுது பாய்?"

"இந்தக் கை" என்று அவருக்கு வலது பக்கம் இருந்ததைக் காட்டினார்.

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணை எங்கே நீட்டுனே?"

ஒரு கண்ணை மூடச் சொன்னேன். பிறகு மற்றக் கண்ணை. கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணிலாவது தெரிய வேண்டுமே என்று நினைத்தேன். இரண்டிலும் அதே இடது பக்கம்தான் தெரியவில்லை. விரல்களை ஆட்டிக்கொண்டே கையை மெல்ல உள்பக்கமாகக் கொண்டுவந்தேன். என் மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார். அவருக்கு அந்தக் கை காற்றிலிருந்து முளைத்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் குழியைப் பார்க்கிறார், ஆனால் அதன் வலது பாதியைத்தான் பார்க்கிறார். அதையே முழுக் குழி என்று நம்பி, அதன் நடுவுக்குக் குறி வைக்கிறார். நாங்கள் அந்தப் பாதிக் கண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கோலைத் தேடிக் கண்டுபிடித்து, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அதைக் கொடுத்திருந்தால் அவர் அடுத்த நாள் ஜெயித்திருப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்காது, வீட்டுக்கும் தெரிந்திருக்காது.

"பாய், தலைவலி ஏதாவது வந்துச்சா?"

"வாரம் தொடக்கத்துல ஒரு நாள் மண்டை பொளந்துச்சு. மாத்திரை போட்டேன், போயிடுச்சு. அதுக்கும் கோலுக்கும் என்னம்மா?"

நான் டாக்டர் இல்லை. என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசவும் கூடாது. ஆனால் ஒன்று தெரியும். இந்த மனுஷர் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது ஓட்டிக்கொண்டு திரும்பப் போகிறார்.

"இன்னிக்கு உங்களுக்கு நான் பட்டர் தர மாட்டேன் பாய். உங்களுக்கு இடது பக்கம் தெரியலை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டிய நீங்க எடுக்கக் கூடாது."

அவருக்குக் கோபம் வந்தது. "கண் டாக்டர் கண்ணு நல்லாருக்குன்றாரு, கோல் விக்கிற நீ இல்லைன்றியா? நாப்பது வருஷமா வண்டி ஓட்டுறவன்மா நான்!" என்று எழுந்தார். ஜெரால்டும் தயங்கினார். "அக்கா, கஸ்டமர் கிட்ட இப்படி..." என்று காதருகே சொன்னார். காதர் பாய் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். கதவு நிலையில் இடது தோள் மோதியது. வலித்திருக்கும். ஆனால் என்ன மோதியது என்று திரும்பிப் பார்க்காமல், வாசல்தான் குறுகலாக இருக்கிறது என்பதுபோல நகர்ந்து போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அப்போது அவருடைய காரின் இடது பக்கத்தைப் பார்த்தேன். முன்னாலிருந்து பின்வரை கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, பழையதும் புதியதும். இடது கண்ணாடி உடைந்து மடங்கியிருந்தது. அதில் ஒரு துணிப் பையின் காது மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பை இல்லை. பிய்ந்த காது மட்டும்.

அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பையை யாரோ பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அவர் சாவியைத் திருகுவதற்குள் நான் கார் முன்னால் போய் நின்றேன். எந்தத் தைரியத்தில் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பைக் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டியவன் இருபத்தைந்து வயதிருக்கும். பின்னால் அவனுடைய அக்கா. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள், புடவையில் மண். பிறகு தெரிந்தது, அவள் பெயர் செல்வி, தம்பி ஏழுமலை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. வழிநெடுக அந்தக் காரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"யோவ், எறங்குயா கீழ!" என்று ஏழுமலை கார்க் கதவைத் திறந்தான். "பொம்பளைய இழுத்துத் தள்ளிட்டு நிக்காம வந்துகினே கீற? இன்னா, காலையிலயே தண்ணியா?"

காதர் பாய் வெலவெலத்துப்போனார். "தண்ணியா? நானா? தம்பி, அல்லா மேல ஆணையா நான் யாரையும் இடிக்கலை. ரோடு காலியாத்தான் இருந்துச்சு."

"காலியா? எங்க அக்கா ஓரமா நடந்துகினு இருந்துது! பைய மாட்டி இழுத்துகினு போயிருக்கே!"

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரோ வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். "கார்ல வர்றவனுக்குக் கீழ இருக்கிறவன் தெரிவானா?" என்று ஒரு குரல். ஒருவர் காதர் பாயின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவரோ சட்டையைப் பிடித்த கையைப் பார்க்காமல், கண்ணாடியில் தொங்கிய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நன்றாகத் திருப்பிய பிறகுதான் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். யாரோ அவர் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிற முகம்.

விளக்கம் சொன்னால் அந்தக் கூட்டம் கேட்காது என்று எனக்குத் தெரிந்தது. தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள். நான் செல்வியிடம் போனேன்.

"அம்மா, நான் சொல்றதை நம்ப வேணாம். நீயே பாரு. அவருக்கு இடது பக்கமா நின்னு, நல்ல கையைத் தூக்கிக் காட்டு. அவரு நேரா என்னைப் பாக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் செய்தாள். அவரை நேராக என்னைப் பார்க்க வைத்தேன். செல்வி அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினாள். கை நீட்டினால் தொடும் தூரம்.

"பாய், உங்க பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?"

"நீதாம்மா எதிர்ல நிக்கிறே. அந்தத் தம்பி இந்தப் பக்கம். அந்தப் பொண்ணு எங்கே போச்சு?"

செல்வி கையை ஆட்டினாள். விரல்களை விரித்து மடக்கினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ எடுத்தவர் போனைக் கீழே இறக்கினார். சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விலகியது.

"ஐயோ" என்றாள் செல்வி. "இவருக்கு நான் இல்லவே இல்லையே."

அவள்தான் முதலில் சுதாரித்தாள். "டேய், இன்னாடா நின்னுகினு கீற? மொதல்ல இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்" என்று தம்பியை அதட்டினாள். "என் கைய அப்புறம் பாத்துக்கலாம்."

ஜெரால்டு தன் காரை எடுத்தார். பின்சீட்டில் நடுவில் காதர் பாய், வலது பக்கம் நான், இடது பக்கம் செல்வி. வண்டி நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணை ஏன்மா விட்டுட்டு வந்தோம்? அதுக்கும் கையில அடி."

செல்வி அவர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள். அவள்தான், "இங்கதான் கீறேன் பாய்" என்று தன் நல்ல கையை அவர் கை மேல் வைத்தாள். அவர் தூக்கிவாரிப்போட்டது போலத் திரும்பினார். அப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை அழுதார்.

மூளையின் பின்பக்கம் இரத்தம் போகிற குழாய் ஒன்று அடைத்திருந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண் கொண்டுவருவதை வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். தெரியாத பக்கம் இருட்டாக இருக்காதாம். இருட்டாக இருந்தால்தான் தெரியவில்லை என்றாவது தெரியும். இன்னொரு அடைப்பு வந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, நல்ல வேளை வந்தீர்கள் என்றார். செல்விக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டார்கள். அவள் தாம்பரத்தில் துணி தைக்கிற இடத்தில் வேலை பார்த்தவள், கட்டுப் பிரிக்கிறவரை வேலைக்குப் போக முடியவில்லை. அதுவரை அந்த வீட்டைக் காதர் பாய் குடும்பம் பார்த்துக்கொண்டது.

ஆனால் அன்றைக்கு டாக்டர் பேசி முடித்ததும் காதர் பாய் கேட்டது உயிரைப் பற்றி இல்லை. பார்வை திரும்ப வருமா என்றும் கேட்கவில்லை. படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஓடிவந்து நின்ற தன் மகனிடம் கேட்டார்: "வாரம் பூரா ஓட்டினேனேடா. வேற யாரையெல்லாம் இடிச்சேன்?"

காரின் கீறல்களை நானும் பார்த்திருந்தேன், ஜெரால்டும் பார்த்திருந்தார். மகன் அந்த வாரம் அப்பா போன எல்லா வழியிலும் போய், டீக்கடை, பஸ் நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்டு என்று விசாரித்தார். ஒரு கடையின் முன்கூரைக் கம்பு, ஒரு தள்ளுவண்டியின் மூலை, ஒரு மதில் சுவர். வேறு யாருக்கும் அடிபட்டதாகத் தகவல் இல்லை. மகன் சொன்னதைக் காதர் பாய் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

உங்களிடம் நான் சொல்ல நினைப்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நல்ல அளவு எடுத்துக் கொடுத்த கோல் ஒருவருக்குத் திடீரென்று பொருந்தாமல் போனால், கோலைத் தொடுவதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள். நம்மிடம் இப்போது எந்தத் தப்பையும் மறைத்துச் சரிக்கட்டுகிற அளவுக்கு விதவிதமான தலைகளும் கழுத்துகளும் இருக்கின்றன. எண்கள் பச்சையாக வரும். வாடிக்கையாளர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கு அவர் திட்டுவார், உங்கள் பக்கத்தில் நிற்கிறவரே சந்தேகப்படுவார். நான் சொன்னது தப்பாகக்கூட இருந்திருக்கலாம். தப்பாக இருந்தால் ஒரு வாடிக்கையாளர் போயிருப்பார், அவ்வளவுதான்.

பல மாதம் கழித்துக் காதர் பாய் மறுபடி வந்தார். மகன் ஓட்டிவந்தார். காரை அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. டாக்டர் ஆடலாம் என்று சொல்லியிருந்தார், பார்வை மட்டும் திரும்பவில்லை. இந்த முறை என்ன குறை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் நேர்மையாக அளவெடுக்க முடிந்தது. தலையை நன்றாக இடது பக்கம் திருப்பி, முழுக் குழியையும் வலது பாதிக்குள் கொண்டுவந்து பார்க்க அவர் பழகியிருந்தார். அப்படித் திரும்பினால் கழுத்து வலிக்காத மாதிரி கோலைக் கொஞ்சம் நீளமாக்கினோம். மேலே ஒற்றைக் கோடு போட்ட தலையைப் பொருத்தினோம். ஜெரால்டு லேசரை வைத்தார். புள்ளி குழியிலேயே விழுந்தது, எந்த ஏமாற்றும் இல்லாமல்.

"அடிங்க பாய்" என்றேன்.

அவர் அடிக்கவில்லை. பட்டரைத் தரையில் ஊன்றியபடி, தெரியாத பக்கத்தைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் யாராவது நிக்கிறாங்களாம்மா?"

உருட்டிவிடுகிற பந்து அது. ஒரு குழந்தையின் காலில் பட்டால்கூட வலிக்காது. ஆனாலும் ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் கேட்டார். இப்போதும் கடைக்கு வந்தால் கேட்கிறாராம், ஜெரால்டு சொன்னார். இனி அவரை நிற்க வைத்து அளவெடுக்கப் போகிறவர்கள் நீங்கள். போன தடவைதானே சொன்னோம் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். திரும்பி, நன்றாகப் பார்த்துவிட்டு, பதில் சொல்லுங்கள்.